ஜமக்காளத்தில் வடிகட்டிய எச்.டி!

1804-ம் வருஷம். கோயமுத்தூர் ஜில்லாவுக்கு வில்லியம் காரோ என்ற வெள்ளைக்காரர் கலெக்டர். பவானியில் முகாம் போட்டிருந்தார். ஒரு மழை ராத்திரி, துரை அசந்து தூங்கிக்கொண்டிருந்தபோது ஒரு சின்னப் பெண் வந்து தட்டி எழுப்பி, கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாளாம். துரை வாசலைத் தாண்டியதும் பின்னால் படீரென்று கூரை இடிந்து விழுந்தது. திரும்பிப் பார்த்தால் பெண்ணைக் காணோம்! வந்தவள் சங்கமேஸ்வரர் கோயிலில் இருக்கும் வேதநாயகி அம்மன்தான் என்கிறது கோயில் வரலாறு. நன்றிக்கடனாக, தந்தத்தில் ஒரு தொட்டில் செய்து கையெழுத்தும் போட்டு அம்மனுக்குக் காணிக்கை கொடுத்தார் காரோ. அதில் உள்ள தேதி 1804 ஜனவரி 11.

சரி, அம்மனைப் பார்க்க வேண்டுமே? வேற்று மதத்துக்காரர் சந்நிதிக்குள் போக முடியாது. அதனால் மதில் சுவரில் மூன்று துளை போட்டு, அதன் வழியாக வெளியில் நின்றபடியே தரிசனம் செய்ய வழி செய்தார்கள் என்று கூடுதுறையில் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

தூரத்தில் இருக்கும் ஒன்றை, இருந்த இடத்திலிருந்தே, மூன்று புள்ளி வழியாகப் பார்ப்பது. இன்று நம் மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டர் மானிட்டரும் இதைத்தான் செய்கிறது. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துளை. என்ன, காரோவுக்கு ஒரு செட் போதுமாக இருந்தது. நமக்கு இருபது லட்சம் செட் வேண்டியிருக்கிறது!

'எச்.டி. வீடியோ பார்க்கணும், எந்த மானிட்டர் வாங்கலாம்?' என்று கேட்பவர்களுக்குக் கடைக்காரர் ஒரு பதில் வைத்திருப்பார். இன்டர்நெட் நூறு பதில் வைத்திருக்கும். நாம் கொஞ்சம் சுற்றிக்கொண்டு பவானி வழியாகப் போகலாம். ஏனென்றால், ஒரு படம் எவ்வளவு துல்லியமாக இருக்க முடியும் என்ற கேள்வியை பவானி நெசவாளர்கள் நூறு வருஷத்துக்கு முன்பே நூலில் போட்டுப் பார்த்துவிட்டார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சீமை மில் துணி வந்து குவிந்தது. உள்ளூர் சேலை, வேட்டிக்கு மவுசு போனது. 'இதை விட்டால் வேறு என்ன நெய்யலாம்?' என்று யோசித்த பவானியின் ஜங்கமர் சமூக நெசவாளர்கள், தடிமனான பருத்தி நூலில் கெட்டியாக ஒரு விரிப்பு நெய்ய ஆரம்பித்தார்கள். அதுதான் பவானி ஜமக்காளம். கல்யாண வீடு, திண்ணை, பஞ்சாயத்து, பஜனை என்று தமிழ்நாடு முழுக்க அதன்மேல் உட்கார்ந்தது.

அந்தப் பழைய ஜமக்காளத்தை ஞாபகப்படுத்திப் பாருங்கள். சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு, மஞ்சள் என்று பட்டை பட்டையாகக் கோடுகள். பூ கிடையாது. மயில் கிடையாது. ஏன்? நெசவாளிக்குப் பூப் போடத் தெரியாமல் இல்லை. நூல் தடிமன்! மொத்தமான நூலில் சின்னப் பூவைப் போட்டால் அது பூவாகத் தெரியாது, கறையாகத்தான் தெரியும். அந்த நூலால் தெளிவாகச் சொல்ல முடிந்தது கோடு மட்டுமே. பிறகு கரையில் பூவும் கொடியும் வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தபோது, மெல்லிய செயற்கைப் பட்டு நூலுக்கு மாறினார்கள். நூல் சன்னமானதும் பூ வந்தது, கொடி வந்தது.

எச்.டி. சமாச்சாரத்தில் பாதி இதிலேயே முடிந்துவிட்டது. கம்ப்யூட்டர்காரர்கள் 'ரெசல்யூஷன்' என்று சொல்வது நூலின் சன்னத்தைத்தான். ஒரு திரையில் குறுக்கே எத்தனை புள்ளி, நெடுக்கே எத்தனை புள்ளி என்ற கணக்கு. புள்ளி பெரிதாக இருந்தால் பட்டை ஜமக்காளம். சின்னதாக இருந்தால் பூப்போட்ட ஜமக்காளம்.

இப்போது மறுபடி 1804-க்கு வருவோம். பவானியில் காரோ தொட்டில் கொடுத்த அதே வருஷம், பிரான்ஸில் லியோன் நகரத்துக்காரர் ஜோசப் மரீ ஜக்கார்ட் தன்னுடைய தறி இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். (நம்மூர் நெசவாளர்கள் 'ஜக்காடு' என்பது இதைத்தான்.) அட்டையில் ஓட்டை. ஓட்டை இருந்தால் பாவு நூல் மேலே போகும். இல்லாவிட்டால் கீழேயே கிடக்கும். ஒரு வரிக்கு ஓர் அட்டை. டிசைன் என்பது அட்டைக் கட்டாக மாறிவிட்டது.

1839-ல் லியோனில் ஒரு பட்டுத்துணி நெய்தார்கள். அதில் இருந்தது ஜக்கார்டின் உருவப்படம். அதற்குத் தேவைப்பட்ட அட்டைகள் 24,000! லண்டனில் சார்லஸ் பேபேஜ் - ஆமாம், கம்ப்யூட்டரின் தாத்தாதான் - அந்தப் படத்தில் ஒன்றை வாங்கி வீட்டில் மாட்டிவைத்திருந்தார். வந்த விருந்தாளிகள் அதை அச்சடித்த ஓவியம் என்றே நினைத்தார்கள். துணி என்று சொன்னால் நம்பவில்லை. உலகத்தின் முதல் எச்.டி. படம் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் கை காட்டுவேன். பேபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கு ஓட்டை அட்டைகளை வைத்துக்கொண்டது இந்தத் தறியைப் பார்த்துத்தான்.

அதே 1839-ல் இன்னொன்றும் நடந்தது. மிஷேல் செவ்ரோல் என்ற வேதியியல் நிபுணர், பாரிஸில் கோபெலின் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர், ஒரு புத்தகம் வெளியிட்டார். 'உங்கள் கறுப்புச் சாயம் சரியில்லை, மங்கலாக இருக்கிறது' என்று வந்த புகாரை விசாரிக்கப் போனவர் அவர். சாயத்தைச் சோதித்துப் பார்த்தால் சுத்தமான கறுப்பு! கோளாறு சாயத்தில் இல்லை, பக்கத்து நூலில் இருந்தது. நீல நூலுக்குப் பக்கத்தில் கறுப்பை வைத்தால் கறுப்பு சோகையாகத் தெரிகிறது. கண் ஒவ்வொரு நூலையும் தனித்தனியாகப் பார்ப்பதில்லை, அக்கம்பக்கத்தோடு சேர்த்துத்தான் பார்க்கிறது என்றார் செவ்ரோல். சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்றே புள்ளியை வைத்துக்கொண்டு உங்கள் மானிட்டர் மல்லிகைப்பூ முதல் மாம்பழம் வரை காட்டுகிறதே, கண்ணின் இந்தக் குணத்தை நம்பித்தான்.

இனி, நகரும் படத்துக்கு வருவோம்.

1926 ஜனவரியில் லண்டனில் ஜான் லோகி பெயர்டு தொலைக்காட்சி என்று ஒன்றைக் காட்டினார். அதில் மொத்தம் 30 வரி. ஒரு முகம், அதுவும் முகம் என்று சொன்னால்தான் முகம். அதே வருஷம் டிசம்பரில் ஜப்பானில் கென்ஜிரோ தகயநாகி, 40 வரியில், ஜப்பானிய மொழியின் ஓர் எழுத்தைப் படக்குழாய்த் திரையில் கொண்டுவந்தார். முகத்தைவிட எழுத்து சுலபம், கோடுதானே! பட்டை ஜமக்காள சூத்திரம். (நம்மூரிலும் இதே கதை. 1950-ம் வருஷத் தொடக்கத்தில் சென்னை தேனாம்பேட்டை பொருட்காட்சியில் பி.சிவகுமாரன் என்ற மின் பொறியியல் மாணவர் டெலிவிஷன் செய்து காட்டியபோது, திரையில் வந்தது ஓர் எழுத்துதான். டெல்லியில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்குவதற்கு ஒன்பது வருஷம் முன்னால்!)

அடுத்து வருவதுதான் தமாஷ். 1936 நவம்பர் 2-ம் தேதி, லண்டன் அலெக்ஸாண்டிரா மாளிகையிலிருந்து பி.பி.சி. தினசரி ஒளிபரப்பை ஆரம்பித்தது. அதற்கு அவர்கள் கொடுத்துக்கொண்ட பட்டம் என்ன தெரியுமா? 'ஹை டெஃபனிஷன்' தொலைக்காட்சி! குறைந்தது 240 வரி இருந்தால் ஹை டெஃபனிஷன் என்று அரசாங்கக் கமிட்டி முடிவு செய்திருந்தது. பெயர்டின் 240 வரியும், மார்க்கோனி-ஈ.எம்.ஐ. கம்பெனியின் 405 வரியும் மாறி மாறி ஒளிபரப்பாயின. சில மாதத்திலேயே பெயர்டு முறையை ஓரங்கட்டிவிட்டார்கள்.

ஆக, எச்.டி. என்ற சொல் பிறந்தது 405 வரிக்கு! பிற்பாடு பிரான்ஸ் 819 வரி வைத்தது. இந்தியா எடுத்துக்கொண்டது 625 வரி. அதில் கண்ணுக்குத் தெரிவது 576. 1975 ஆகஸ்ட் 15-ல் சென்னைத் தொலைக்காட்சி ஆரம்பித்தபோதும் அதுதான், 1982-ல் கலர் வந்தபோதும் அதுதான். அந்த 1936 கணக்குப்படி பார்த்தால், 'ஒலியும் ஒளியும்' பார்த்த நாம் எல்லோருமே எச்.டி. பார்த்தவர்கள்தான்!

'உயர்ந்த' என்ற சொல்லில் ஓர் அபாயம் இருக்கிறது, பார்த்தீர்களா? எதைவிட உயர்ந்தது என்று அது சொல்வதே இல்லை. நேற்றைவிட உயர்ந்தது என்பதோடு நிறுத்திக்கொள்ளும். அந்த ஓட்டை வழியாகத்தான் வியாபாரம் உள்ளே நுழைகிறது.

1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த கையோடு, ஜப்பானின் என்.எச்.கே. அடுத்த தலைமுறைத் தொலைக்காட்சிக்கான ஆராய்ச்சியில் இறங்கியது. வந்து நின்ற இடம் 1125 வரி. அமெரிக்காவுக்கு எடுத்துப்போய்க் காட்டியதும் அங்கே அடிவயிறு கலங்கியது. 'இப்படியே விட்டால் ஜப்பான்காரன் நம் வரவேற்பறை முழுவதையும் பிடித்துவிடுவான்' என்று கமிஷன், கமிட்டி என்று உட்கார்ந்தார்கள். 1990-ல் ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் என்ற கம்பெனி, முழுக்க முழுக்க டிஜிட்டலாகவே எச்.டி. அனுப்ப முடியும் என்று அறிவித்தது. அலை வடிவத்தில் யோசித்துக்கொண்டிருந்த ஜப்பான் முறைக்கு அன்றைக்கே அந்திமம் ஆரம்பம். 1993-ல் போட்டிக் கம்பெனிகள் ஒன்றாகக் கைகோத்தன. 1996 டிசம்பரில் அமெரிக்க அரசு புதிய முறையை ஏற்றுக்கொண்டது.

அதிலிருந்து எச்.டி. என்றால் இரண்டு அளவு. ஒன்று, 1280 × 720. இன்னொன்று, 1920 × 1080. இரண்டாவதைத்தான் கடைகளில் 'ஃபுல் எச்.டி.' என்கிறார்கள்.

திரை ஏன் இப்படி அகலமாகிவிட்டது, பழைய டி.வி. சதுரமாகத்தானே இருந்தது என்று கேட்பீர்கள். கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற அமெரிக்க எஞ்சினியர் செய்த வேலை அது. டி.வி.யின் 4-க்கு 3 முதல் சினிமாஸ்கோப் வரை எல்லா வடிவங்களையும் ஒரே பரப்பளவில் வெட்டி, நடுவை ஒன்றாக வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். அத்தனையும் அடங்குகிற செவ்வகம், அத்தனைக்கும் பொதுவான செவ்வகம் இரண்டையும் அளந்தார். இரண்டுமே ஏறக்குறைய 16-க்கு 9! யாருக்கும் முழுத் திருப்தி இல்லை, யாருக்கும் முழு நஷ்டமும் இல்லை. நல்ல பஞ்சாயத்துத் தீர்ப்பு.

இனிமேல்தான் கம்ப்யூட்டர் மானிட்டர் கதைக்குள் வருகிறது. அது வந்தது வேறு வழியில். 1987-ல் ஐ.பி.எம். கொண்டுவந்த வி.ஜி.ஏ. முறை 640 × 480. மொத்தம் 3,07,200 புள்ளி. பிறகு 800 × 600. பிறகு 1024 × 768. நம்மூர் பிரவுசிங் சென்டர்களில் பானை வயிறு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மானிட்டர்கள் இந்த ரகம்தான். டி.வி. உலகமும் கம்ப்யூட்டர் உலகமும் ஒன்றையொன்று கேட்காமல் தனித்தனியாகக் கணக்குப் போட்டன. ஒன்றுக்கு 720, 1080. மற்றதற்கு 600, 768.

இரண்டும் ஒரே வீட்டுக்குக் குடிவந்தபோது பிறந்த குழந்தைதான் 1366 × 768. இந்த விநோத எண் எங்கிருந்து வந்தது? பழைய 1024 × 768 திரையின் உயரத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அகலத்தை மட்டும் 16-க்கு 9 ஆக்கினால் 1365.33 வரும். மூன்றில் ஒரு புள்ளியை யார் செய்ய முடியும்? 1366 என்று வைத்துவிட்டார்கள். மலிவு லேப்டாப், 18.5 அங்குல மானிட்டர், 32 அங்குல டி.வி. என்று பல வருஷம் கடைகளை ஆண்டது இந்த அளவு.

இதில் எச்.டி. படத்தைப் போட்டால் என்ன ஆகும்? 720 வரிப் படத்தை 768 வரிக்கு இழுக்க வேண்டும். அதாவது, ஒவ்வொரு 15 வரியையும் 16 வரியாக ஆக்க வேண்டும். 1080 வரிப் படத்தை 768-க்குள் அமுக்க வேண்டும். இரண்டு எச்.டி.யில் எதுவுமே இந்தத் திரையில் புள்ளிக்குப் புள்ளி உட்காராது. ஒரு டிசைனுக்கு வெட்டிய அட்டைக் கட்டை, வேறு இழை எண்ணிக்கை உள்ள தறியில் மாட்டினால் என்ன ஆகும் என்று எந்த நெசவாளியையும் கேட்டுப் பாருங்கள். கம்ப்யூட்டர் சமாளிக்கும்தான். ஆனால், சமாளிப்பு வேறு, சரியாக இருப்பது வேறு.

புள்ளிக் கணக்கில் சொன்னால் இன்னும் பளிச்சென்று புரியும். ஃபுல் எச்.டி. படத்தில் 20,73,600 புள்ளி. இந்தத் திரையில் இருப்பது 10,49,088. அனுப்பியதில் சரிபாதி வழியிலேயே கரைந்துவிடுகிறது.

ஆனால், கடையில் கேட்டுப் பாருங்கள்.

"ஏனுங்க, இதுல ஃபுல் எச்.டி. ஓடுமுங்களா?"

"தாராளமா ஓடுமுங்க. ஃபுல் எச்.டி. சப்போர்ட் பண்ணுமுங்க!"

கடைக்காரர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. 'சப்போர்ட்' என்றால், அந்தப் படத்தை அனுப்பினால் வாங்கிக்கொள்ளும் என்று அர்த்தம். வாங்கிக்கொண்டதை முழுசாகக் காட்டும் என்று அர்த்தம் இல்லை! பத்துப் படி நெல்லைக் கொண்டுவந்தால் 'வாங்கிக்கறேன்' என்று சொல்லிவிட்டு, ஐந்து படியைக் குதிரில் கொட்டி, மீதியை வாசலில் விடுவது மாதிரி. முழுப் பொய்யை 'ஜமக்காளத்தில் வடிகட்டிய பொய்' என்பார்கள் நம் பாட்டிமார்கள். இது அதைவிட ஒரு படி மேல். ஜமக்காளத்தில் வடிகட்டிய உண்மை!

இந்தக் குழப்பம் உலகம் முழுக்க இருந்தது. அதனால் 2005 ஜனவரியில் ஐரோப்பியத் தொழில் கூட்டமைப்பு 'எச்.டி. ரெடி' என்று ஒரு முத்திரை கொண்டுவந்தது. திரையிலேயே குறைந்தது 720 வரி இருக்க வேண்டும், அகலத்திரையாக இருக்க வேண்டும், இன்னின்ன இணைப்புகள் வேண்டும் என்று நிபந்தனை போட்டது. அப்போதும் 1366 × 768 பாஸாகிவிட்டது. 720-க்கு மேல் இருக்கிறதே! வாங்கியவர்களோ 'எச்.டி. ரெடி' என்றால் எச்.டி.யில் இருப்பதெல்லாம் முழுசாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டார்கள். அப்புறம் 2007-ல் 1080-க்குத் தனியாக ஒரு முத்திரை போட வேண்டியதாயிற்று.

இங்கேதான் மறுபடி பவானி வருகிறது. பேருக்கும் சரக்குக்கும் உள்ள தூரத்தால் அடிபட்டவர்களில் பவானி நெசவாளர்கள் முக்கியமானவர்கள். 1985-ல் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. சில ரகங்களைக் கைத்தறியில் மட்டும்தான் நெய்யலாம், விசைத்தறியில் கூடாது என்ற சட்டம். அந்தப் பட்டியலில் ஜமக்காளமும் உண்டு. விசைத்தறிக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1993-ல் சுப்ரீம் கோர்ட் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. பிறகு, 2003 செப்டம்பர் 15-ல் புவிசார் குறியீட்டுச் சட்டம் அமலுக்கு வந்தது. 2005-06-ல் பவானி ஜமக்காளத்துக்கு அந்த முத்திரையும் கிடைத்தது.

முத்திரை கிடைத்தால் போதுமா? வெளியூர் விசைத்தறி விரிப்புகள் 'பவானி ஜமக்காளம்' என்ற பெயரில் குறைந்த விலைக்குச் சந்தையில் விற்கப்படுவதாக நெசவாளர்கள் வருஷக்கணக்கில் புகார் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கோடும் கலரும் அதேதான். விரித்துப் போட்டால் பத்தடி தூரத்தில் வித்தியாசம் தெரியாது. ஆனால், குழித்தறியில் நாள் முழுக்கக் கால் மிதித்துக் கை வீசியவருக்குப் போக வேண்டிய கூலி வேறெங்கோ போய்விடுகிறது. மானிட்டர் விஷயத்தில் ஒரு லேபிள் ஏமாற்றினால் நமக்குச் சில ஆயிரம் ரூபாய் நஷ்டம். இங்கே அடுப்பு எரியாது. அதுதான் வித்தியாசம்.

செப்டம்பர் 15 என்றதும் ஒரு சின்ன விளையாட்டு. டெல்லியில் இந்தியாவின் முதல் தொலைக்காட்சி ஒளிபரப்பு நடந்தது 1959 செப்டம்பர் 15. தமிழ்நாட்டில் இலவச கலர் டி.வி. கொடுக்க ஆரம்பித்தது 2006 செப்டம்பர் 15. இலவச லேப்டாப் ஆரம்பித்தது 2011 செப்டம்பர் 15. பின்னால் சொன்ன இரண்டும் தற்செயல் அல்ல, அது அண்ணா பிறந்த நாள். 1959-ம், 2003-ம் சும்மா அமைந்தவை. எப்படியோ, தமிழன் வீட்டுத் திரைக்கென்று ஒரு பண்டிகை வைக்க வேண்டும் என்றால் தேதி தயார்!

அந்த இலவச டி.வி. 14 அங்குலம். பழைய படக்குழாய் ரகம். 576 வரிதான். ஆனாலும், நாலைந்து அடி தள்ளித் தரையில் ஜமக்காளத்தை விரித்து உட்கார்ந்து பார்த்தபோது படம் மங்கலாக இருப்பதாக யாரும் குறை சொல்லவில்லையே, ஏன்? கணக்கு இருக்கிறது. நல்ல பார்வை உள்ள கண்ணால் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரைதான் பிரித்துப் பார்க்க முடியும். 14 அங்குலத் திரையில் ஒரு வரியின் உயரம் சுமார் 0.37 மில்லிமீட்டர். நாலடிக்கு அப்பால் போனால் கண்ணால் அதைத் தனி வரியாகப் பார்க்க முடியாது. இரண்டு கலர் நூல் தூரத்தில் ஒன்றாகிவிடுகிற அதே சங்கதி. அதே படத்தை 40 அங்குலத்துக்கு இழுத்து அதே நாலடியில் பார்த்தால்தான் வண்டவாளம் தெரியும்.

இந்தக் கணக்கை மானிட்டருக்குப் போட்டுப் பார்க்கலாம். 24 அங்குல ஃபுல் எச்.டி. மானிட்டரில் ஒரு புள்ளி 0.277 மில்லிமீட்டர். மூன்றடி தூரத்தில் புள்ளி மறைந்துவிடும். நாம் மேஜையில் உட்காருவது இரண்டு, இரண்டரை அடியில். அதனால் அந்த அளவுக்கு 1080 கச்சிதம். அதே 24 அங்குலத்தில் '4கே' வாங்கினால் (82,94,400 புள்ளி!) அதன் முழுப் பலனை அனுபவிக்க ஒன்றரை அடிக்குள் மூக்கை நீட்ட வேண்டும். எழுத்து, போட்டோ, டிசைன் வேலை செய்பவர்களுக்கு அது உபயோகம். ஆறடி தள்ளிக் கட்டிலில் சாய்ந்துகொண்டு படம் பார்ப்பவருக்கு 1080-ஏ ஜாஸ்தி. பெரிய எண் எல்லாம் எல்லோருக்கும் நல்ல எண் அல்ல.

சரி, புள்ளி சரியாக இருந்தால் எச்.டி. வந்துவிடுமா? இன்னொரு வாயிற்காவலன் இருக்கிறான். பெயர் எச்.டி.சி.பி. இன்டெல் கம்பெனி உருவாக்கிய பூட்டு அது. படம் தருகிற பெட்டியும் மானிட்டரும் கேபிள் வழியாக ரகசிய வார்த்தை பரிமாறிக்கொள்ளும். மானிட்டருக்கு ரகசியம் தெரியாவிட்டால், காசு கொடுத்து வாங்கிய ப்ளூ-ரே தட்டாக இருந்தாலும் முழுத் தரத்தில் படம் வராது, சில சமயம் கறுப்புத் திரைதான். திருடனைத் தடுக்க வைத்த பூட்டில் வீட்டுக்காரன் மாட்டிக்கொண்ட கதை. 2010 செப்டம்பரில் அந்தப் பூட்டின் மூலச் சாவியே இன்டர்நெட்டில் கசிந்துவிட்டது, இன்டெல்லும் ஒப்புக்கொண்டது. ஆனாலும் பூட்டு மட்டும் இன்றும் தொங்குகிறது. அதனால், பழைய நீல நிற வி.ஜி.ஏ. கேபிளை மட்டும் நம்பியிருக்கும் மானிட்டர், எச்.டி.க்கு ஆகாது. எச்.டி.எம்.ஐ. அல்லது டிஸ்ப்ளே போர்ட் இருக்க வேண்டும். பழைய மானிட்டரைக் கைமாற்றாக வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பழைய டி.வி.ஐ. இணைப்பு உள்ளவற்றில் சிலவற்றுக்கு இந்த ரகசியம் தெரியும், சிலவற்றுக்குத் தெரியாது.

கடைசியாக, ஆற்றில் தண்ணீர் வந்தால்தானே வாய்க்காலில் பாயும்? நம்மூருக்கு எச்.டி. தண்ணீர் திறந்துவிடப்பட்டதே தாமதமாகத்தான். யூ-ட்யூப் 720 வரியைக் கொடுத்தது 2008 கடைசியில், 1080 கொடுத்தது 2009 கடைசியில். தூர்தர்ஷன் எச்.டி.யில் இறங்கியது 2010 அக்டோபரில், டெல்லி காமன்வெல்த் போட்டிக்கு. அதற்கு முன் இங்கே எச்.டி. டி.வி. வாங்கியவர்கள் பெரும்பாலும் அதில் பார்த்தது சாதா படத்தைத்தான். இன்றும் வீடியோ நான்கைந்து தரத்தில் வருகிறது. நெட் மெதுவாக இருந்தால் அதுவாகவே தரத்தைக் குறைத்துக்கொள்ளும். மானிட்டரைக் குற்றம் சொல்வதற்கு முன் அதைப் பாருங்கள்.

இவ்வளவு தெரிந்த பிறகு, கடையில் கேட்க வேண்டிய கேள்வியும் மாறிவிடுகிறது. 'எச்.டி. ஓடுமா?' என்று கேட்காதீர்கள். ஓடும் என்றுதான் சொல்வார்கள். 'இதோட நேட்டிவ் ரெசல்யூஷன் எவ்வளவு?' என்று கேளுங்கள். அதாவது, திரையில் நிஜமாகவே பதித்திருக்கும் புள்ளி எவ்வளவு? இதற்கு ஒரே ஒரு பதில்தான் இருக்க முடியும். 1920 × 1080 என்று வந்தால் ஃபுல் எச்.டி. 'சப்போர்ட்', 'ரெடி', 'அப் டு' என்று வார்த்தையில் பதில் வந்தால் அடுத்த மாடலுக்கு நகருங்கள். கம்ப்யூட்டரில் மாட்டியே வைத்திருந்தால் இன்னும் வசதி. டிஸ்ப்ளே செட்டிங்கில் 'ரெகமண்டட்' என்று ஓர் அளவு காட்டும். அநேகமாக அதுதான் அதன் நிஜ அளவு.

இது பழைய கதை என்று நினைக்காதீர்கள். ஃபுல் எச்.டி. மானிட்டர் இன்று சாதாரணமாகிவிட்டது, உண்மைதான். ஆனால், அதே வித்தை வீடு மாறியிருக்கிறது. சுவரில் படம் காட்டும் மலிவு புரொஜெக்டர்களின் அட்டைப்பெட்டியைப் பாருங்கள். '4கே சப்போர்ட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். நிஜ அளவைத் தேடினால், எங்கோ மூலையில் பொடி எழுத்தில் 1280 × 720 என்று இருக்கும். சிலதில் அதுகூட இருக்காது. 1936-ல் 405 வரிக்குக் கிடைத்த அந்த 'உயர்ந்த' பட்டம் இன்னும் ஆள் தேடி அலைந்துகொண்டிருக்கிறது.

ஜமக்காளம் வாங்குகிற பெரியவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? கடைக்காரர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டே, மடிப்பைப் பிரிப்பார்கள். ஓரத்தைப் புரட்டிப் பின்பக்கம் பார்ப்பார்கள். நூலை இரண்டு விரலால் நெருடுவார்கள். பேச்சைக் காது கேட்கும், சரக்கை விரல் விசாரிக்கும். மானிட்டருக்கும் ஒரு பின்பக்கம் உண்டு. அங்கே ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரில் மாடல் நம்பர் இருக்கும். அந்த நம்பரைத் தட்டினால் கம்பெனிக்காரர்களே கொடுத்திருக்கும் நிஜப் புள்ளிக் கணக்கு வந்துவிடும். பில் போடச் சொல்வதற்கு முன் அதைத் திருப்பிப் பாருங்கள்.

அப்படியே, அடுத்த முறை 'பவானி ஜமக்காளம்' என்று யாராவது எடுத்து நீட்டினால், அதையும்!